உடைந்த 400 படங்கள்

முதலில் ஒரு படம்.

நாலாபக்கமும் கும்மிருட்டு. நடுவில் ஒரு பாய்மரக் கப்பல் மட்டும் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது. மூன்று பாய்மரங்கள், எண்ணி முடியாத கயிறுகள். எல்லாவற்றின் மேலும் உறைபனி படிந்திருப்பதால் கயிறு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. கப்பலுக்குக் கீழே தண்ணீரைக் காணோம். உடைத்துப் போட்ட பாறைகள் மாதிரி பனிக்கட்டிகள்தான் கிடக்கின்றன. ஆள் அரவமே இல்லை. பார்த்தவுடன் 'பேய்க் கப்பல்' என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஏதோ சினிமா போஸ்டர், கம்ப்யூட்டரில் செய்த வேலை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். எடுத்த நாள் 1915 ஆகஸ்ட் 27. இடம் அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடல். கப்பலின் பெயர் எண்டூரன்ஸ். எடுத்தவர் ஃபிராங்க் ஹர்லி என்ற ஆஸ்திரேலியர்.

அங்கே அது குளிர்காலம். சூரியன் பேருக்குத்தான் தலைகாட்டும். ஹர்லி கேமராவைப் பனியில் நிறுத்தி, கப்பலைச் சுற்றி மேடுகளுக்குப் பின்னால் சுமார் 20 இடங்களில் ஃபிளாஷ் பவுடரை வைத்து ஒவ்வொன்றாக வெடிக்க விட்டார். ஒவ்வொரு வெடிக்கும் கண் கூசிப் பாதிக் குருடாகி, அடுத்த இடத்துக்குப் போக வழி தெரியாமல் பனிக்கட்டியில் காலை இடித்துக்கொண்டு, பனிக்குவியலில் விழுந்து எழுந்ததை அவரே டைரியில் எழுதி வைத்திருக்கிறார். நமக்குக் கிடைப்பது அமைதியான ஒரு படம். எடுத்தவருக்குக் கிடைத்தது காலெல்லாம் காயம்!

படத்தை ரசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்தான். ஆனால் இந்தப் படம் எப்படி வந்தது, எப்படித் தப்பியது என்று கொஞ்சம் தோண்டினால் வருவது சாகசக் கதை மட்டும் கிடையாது, ஒரு கணக்குப் புத்தகமும் கூடவே வருகிறது. அதில் வரவு, பற்று, தள்ளுபடி எல்லாமே உண்டு.

ஹர்லியிலிருந்து ஆரம்பிப்போம். 1885-ல் சிட்னியில் பிறந்தவர். 13 வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் லித்கோ என்ற ஊரில் இரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். 17 வயதில் முதல் கேமரா வாங்கினார். கோடாக் பெட்டிக் கேமரா, விலை 15 ஷில்லிங். கையில் அவ்வளவு காசு ஏது? வாரம் ஒரு ஷில்லிங் தவணை. (அந்தக் காலத்து இ.எம்.ஐ.!) பிறகு சிட்னியில் போஸ்ட்கார்டு படங்கள் எடுத்து விற்கும் தொழில். நல்ல படம் கிடைக்கும் என்றால் ஓடி வரும் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் போய் நிற்கிற ஆள்.

1911-ல் டக்ளஸ் மாசன் என்பவரின் அண்டார்டிகா பயணத்தில் போட்டோகிராபராகப் போனார். அங்கே எடுத்த சினிமாப் படம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெயர்தான் அவரை எண்டூரன்ஸுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. எப்படி என்று தெரிய, பணம் பக்கம் போக வேண்டும்.

பயணத்தின் தலைவர் சர் எர்னஸ்ட் ஷாக்கில்டன். 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென் துருவத்தை அடைந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து ஸ்காட் அடைந்தார், திரும்பி வரும் வழியில் இறந்தார். துருவத்தில் கொடி நடும் போட்டி முடிந்துபோன விஷயம். மிச்சமிருந்த பெரிய காரியம் ஒன்றுதான்: ஒரு கடற்கரையில் இறங்கி, துருவம் வழியாக நடந்து, மறுபக்கக் கடற்கரையில் ஏறுவது. சுமார் 2,900 கிலோமீட்டர். ஷாக்கில்டன் அதைக் கையிலெடுத்தார்.

பணம்? பிரிட்டிஷ் அரசு 10,000 பவுண்ட் கொடுத்தது. சணல் வியாபாரத்தில் பெரும் பணக்காரரான சர் ஜேம்ஸ் கெயர்ட் 24,000 பவுண்ட் கொடுத்தார். இன்னும் சிலர் கொடுத்தார்கள். இருந்தும் துண்டு விழுந்தது. அதற்கு ஷாக்கில்டன் கண்டுபிடித்த வழிகளில் ஒன்றுதான் சுவாரசியம். பயணத்தில் எடுக்கப்போகும் சினிமாவையும் போட்டோக்களையும் பயணத்துக்கு முன்பே விற்பது! இதற்கென்றே 'இம்பீரியல் டிரான்ஸ் அண்டார்டிக் ஃபிலிம் சிண்டிகேட்' என்று ஒரு கம்பெனி உருவானது. விளையாத நெல்லுக்கு முன்பணம் வாங்குகிற மாதிரிதான். பணம் போடுகிறவர்கள் சும்மா போடுவார்களா? படம் எடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பார்கள். மாசன் பயணத்தின் படம் அவர்கள் கண்ணில் பட்டிருந்தது. ஹர்லிக்குத் தந்தி போனது. அவர் புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் வந்து கப்பலில் ஏறிக்கொண்டார்.

ஆக, ஹர்லி கேமராவைத் திறப்பதற்கு முன்பே அந்தப் படங்களுக்கு முதலாளிகள் இருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கப்பலுக்கும் ஒரு நொடித்த கணக்கு உண்டு. 1912 டிசம்பரில் நார்வேயின் சாண்டஃபியோர்டு ஊரில் கடலில் இறக்கியபோது அதன் பெயர் போலாரிஸ். பணக்காரர்களைத் துருவப் பக்கம் உல்லாசப் பயணமும் வேட்டையும் கூட்டிப் போவதற்காகக் கட்டியது. 144 அடி நீளம். கூட்டாளிக்குப் பணம் புரட்ட முடியாததால் அந்தத் தொழிலே ஆரம்பிக்கவில்லை. சும்மா நின்ற கப்பலை ஷாக்கில்டன் வாங்கினார். 'பொறுமையால் வெல்வோம்' என்ற பொருளுள்ள தன் குடும்ப வாசகத்திலிருந்து எடுத்து எண்டூரன்ஸ் என்று பெயர் மாற்றினார்.

1914 டிசம்பர் 5-ம் தேதி தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பியது. 1915 ஜனவரி பாதியில் வெடல் கடலில் பனி கப்பலைப் பிடித்துக்கொண்டது. கரைக்கு ஒரு நாள் பயணம்தான் பாக்கி என்கிற நிலை. அதன் பிறகு கப்பல் தானாக ஓர் அடிகூட நகரவில்லை. பனி இழுத்த பக்கமெல்லாம் பத்து மாதம் மிதந்தது.

கப்பல் வேலைக்காரர்களுக்கு வேலை இல்லாமல் போனது. ஹர்லிக்கு மட்டும் வேலை கூடியது. பாய்மரத்தின் உச்சியில் ஏறி, குறுக்குக் கட்டையில் தொங்கிக்கொண்டு படமெடுத்தார். பனியில் இறங்கி தூரத்திலிருந்து எடுத்தார். தரையைத் தேய்க்கும் ஆட்கள், முடி வெட்டிக்கொள்ளும் ஆட்கள், நாய்க்குட்டிகள் என்று ஒன்றையும் விடவில்லை. அப்போதே கலர் படம் எடுக்கும் 'பேஜட்' முறைத் தகடுகளும் கொண்டுபோயிருந்தார்.

இன்றைக்கு ஒரு பட்டனை அமுக்கினால் பத்துப் படம். அன்று ஒவ்வொரு படமும் ஒரு கண்ணாடித் தகடு. இருட்டறையில் மருந்தில் போட்டு எடுத்துக் கழுவ வேண்டும். பனியை உருக்கித்தான் தண்ணீர். அறையைச் சூடாக வைக்காவிட்டால் கழுவும் தொட்டியோடு சேர்ந்து தகடுகளும் ஒரே பனிக்கட்டியாக உறைந்துவிடும். நகத்தைச் சுற்றி விரல் தோல் வெடித்துப் பிளந்துபோகும். இப்படித்தான் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள் சேர்ந்தன. அவற்றைத் துத்தநாகப் பெட்டிகளில் வைத்து, காற்று புகாமல் ஈயம் பற்றவைத்துக் கப்பலுக்குள் அடுக்கினார்.

1915 அக்டோபர் 27. பனி கப்பலை நெரித்தது. எல்லாரும் இறங்கிவிட வேண்டும் என்று ஷாக்கில்டன் சொல்லிவிட்டார். 28 பேர், நாய்கள், மூன்று படகுகள், சில கூடாரங்கள். காலுக்குக் கீழே மிதக்கும் பனி, அதற்குக் கீழே கடல். பக்கத்துக் கரைக்குப் போக வேண்டுமென்றால் படகுகளையே சறுக்குவண்டியில் வைத்து இழுக்க வேண்டும்.

எடை குறைந்தால்தான் உயிர் பிழைக்கலாம். ஆளுக்கு இரண்டு பவுண்ட் எடை சாமான் மட்டும், அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு, என்று ஷாக்கில்டன் உத்தரவு போட்டார். மற்றவர்கள் தயங்கக் கூடாது என்று தன்னுடைய தங்கக் காசுகளை எடுத்து எல்லார் கண் முன்னால் பனியில் எறிந்தார். அலெக்சாண்ட்ரா ராணி கொடுத்த பைபிளில் சில பக்கங்களை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிட்டார். தங்கத்துக்கு அங்கே என்ன மதிப்பு? அதை வைத்து ஒரு பிஸ்கட் வாங்க முடியுமா? ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது சில கிலோ எடை. ஆனால் மனசுக்கு மருந்து என்பது அவர் கணக்கு.

படங்கள்? அவை நொறுங்கிய கப்பலுக்குள் தண்ணீரில் கிடந்தன.

நவம்பர் 2-ம் தேதி ஹர்லி திரும்பப் போனார். கப்பல் இன்னும் முழுசாக மூழ்கவில்லை, பனி அதைக் கவ்வியபடி நிறுத்தியிருந்தது. கனத்த சுவரைக் கோடாரியால் வெட்டித் திறந்து, இடுப்பு வரை உடையைக் கழற்றிவிட்டு, கூழ் மாதிரி இருந்த பனித்தண்ணீருக்குள் இறங்கித் துழாவினார். நாலடி ஆழத்தில் பெட்டிகள் கிடைத்தன. ஈயம் பற்றவைத்த வேலை நன்றாக இருந்ததால் உள்ளே கிட்டத்தட்ட எல்லாமே பத்திரம்.

அப்பாடா என்று இருக்கிறதா? கதையின் முக்கியமான நாள் இனிமேல்தான் வருகிறது.

நவம்பர் 9. ஷாக்கில்டனும் ஹர்லியும் பனியில் உட்கார்ந்தார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள். தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். இது வேண்டும், இது வேண்டாம். வேண்டாம் என்று முடிவான தகட்டை ஹர்லி அந்த இடத்திலேயே பனியில் மோதி உடைத்தார். சும்மா ஓரமாக வைத்திருக்கலாமே, ஏன் உடைக்க வேண்டும்? வைத்தால் ராத்திரி மனசு கேட்காமல் போய் எடுத்து வந்துவிடுவோம் என்ற பயம். அன்று சாயங்காலத்துக்குள் சுமார் 400 தகடுகள் தூள். மிஞ்சியது சுமார் 120. அவற்றைத் திரும்பப் பெட்டியில் வைத்துப் பற்றவைத்தார். சினிமாச் சுருளும் ஒரு பிரிண்ட் ஆல்பமும் தப்பின. பெரிய கேமராக்கள் எல்லாம் போயின. கையில் மிச்சம் பாக்கெட்டில் வைக்கும் ஒரு சின்ன கோடாக் கேமரா, மூன்று ஃபிலிம் சுருள்.

ஒரு மனுஷன் ஒரு வருஷம் விரல் வெடிக்க உழைத்து, பனித்தண்ணீரில் இறங்கி மீட்ட பொருளை, ஒரே வாரத்தில் தன் கையாலேயே உடைத்த நாள் அது. யோசித்துப் பார்த்தால் தொண்டையை அடைக்கிறது.

இப்போது அந்த முதலாளிகளை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தங்கம் பனியில் கிடக்கிறது, கண்ணாடி பெட்டியில் இருக்கிறது. ஏன்? அழகுக்காக மட்டும் என்று சொன்னால் அது பாதி உண்மை. பயணம் தோற்றுவிட்டது. கண்டத்தைக் கடக்கவில்லை, அதன் கரையில் கால்கூட வைக்கவில்லை. கப்பல் போனது. ஊருக்குத் திரும்பினால் கடன்காரர்களுக்குக் காட்ட ஷாக்கில்டனிடம் என்ன இருக்கிறது? கதையும் படமும்தான். பேலன்ஸ் ஷீட்டில் மிஞ்சியிருந்த ஒரே சொத்து அந்த 120 கண்ணாடிகள்.

இதை அவர் எவ்வளவு தெளிவாக நினைத்தார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1915 நவம்பர் 21-ம் தேதி கப்பல் மூழ்கியது. பனி உடையும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் ஏறி எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். அங்கே யாரும் வந்து காப்பாற்றப் போவதில்லை. ஷாக்கில்டனும் ஐந்து பேரும் ஜேம்ஸ் கெயர்ட் என்ற 22 அடிப் படகில் உதவி தேடிச் சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளியிருந்த தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். கிளம்புமுன் ஹர்லியின் டைரியில் ஒரு குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் ஷாக்கில்டன். தான் பிழைக்காவிட்டால் படங்கள், சினிமா எல்லாவற்றின் பொறுப்பும் ஹர்லியுடையது, வரும் பணம் ஏற்கெனவே போட்ட ஒப்பந்தப்படி போக வேண்டும், தன் பெரிய பைனாகுலர் ஹர்லிக்கு. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத ஆள், நெகட்டிவ்களுக்கு உயில் எழுதுகிறார்!

மீதி சாகசம் பலருக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடலாம். மே 10-ம் தேதி படகு தெற்கு ஜார்ஜியாவைத் தொட்டது. மூன்று பேர் மலைகளைக் கடந்து நடந்து திமிங்கில வேட்டை நிலையத்துக்குப் போனார்கள். நான்காவது முயற்சியில், ஆகஸ்ட் 30 அன்று, லூயிஸ் பார்டோ என்பவர் ஓட்டிய சிலி நாட்டு யெல்சோ கப்பல் எலிஃபன்ட் தீவில் இருந்த 22 பேரையும் மீட்டது. பெட்டிகளும் பத்திரமாகக் கரை சேர்ந்தன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? இந்தக் கதையில் எல்லாரும் வியக்கிற பகுதி, அந்தப் படகுப் பயணமும் மலை ஏற்றமும். அதற்கு ஒரு போட்டோகூட இல்லை. ஹர்லி தீவில் அல்லவா இருந்தார்!

இல்லாத படத்தை என்ன செய்வது? ஹர்லி உண்டாக்கினார். 1916 ஏப்ரல் 24 அன்று ஜேம்ஸ் கெயர்ட் கிளம்பும்போது, கரையில் நின்றவர்கள் கையசைத்து வழியனுப்பும் காட்சியை மூன்று சுருள்களில் ஒன்றில் எடுத்திருந்தார். ஊருக்கு வந்த பிறகு அதே படத்தில் கைவேலை செய்து 'மீட்பு' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டார்கள். வழியனுப்பக் கையசைத்தவர்கள், வந்து காப்பாற்றும் படகைப் பார்த்துச் சந்தோஷத்தில் கையசைப்பவர்களாக மாறிவிட்டார்கள். 'இனி பார்ப்போமோ மாட்டோமோ' என்று நின்ற முகங்களுக்கு நேர் எதிர்ப் பொருள்.

அவருக்கு இது தப்பாகவே தெரியவில்லை. 1917-ல் முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையின் போட்டோகிராபராக இருந்தபோதும் இரண்டு மூன்று நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே போர்க்களக் காட்சி செய்தார். சார்லஸ் பீன் என்ற போர் வரலாற்றாசிரியர், இது போலி, ஆவணம் என்றால் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். உள்ளதை உள்ளபடி ஒரே நெகட்டிவில் காட்ட முடியாது என்பது ஹர்லியின் கட்சி. ராஜினாமாவரை போன சண்டை. பீன் சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஆனால் ஹர்லியின் வாதத்தில் இருக்கும் தவிப்பும் புரியாமல் இல்லை. நேரில் பார்த்தவனுக்கு எப்போதுமே படம் போதாது.

கைவேலை செய்தது ஒரு வகை மாற்றம். எதை வைப்பது எதை உடைப்பது என்று தேர்ந்தெடுப்பதும் ஒரு வகை மாற்றம்தான். மிஞ்சிய படங்களில் நாய்கள் கம்பீரமாக உட்கார்ந்து நொறுங்கும் கப்பலைப் பார்க்கின்றன. அந்த நாய்கள் எல்லாவற்றையும் பிறகு சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் படம் இல்லை. தச்சர் மெக்னிஷ் வளர்த்த பூனை, பிளாக்பாரோ என்ற பையனின் தோளில் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. கப்பலை விட்ட இரண்டாம் நாள் அந்தப் பூனையையும் சுட்டார்கள். ஜேம்ஸ் கெயர்ட் படகின் பக்கங்களை உயர்த்தி, மேலே கித்தான் போர்த்திக் கடலில் தாங்க வைத்தது இதே மெக்னிஷ்தான். ஆனால் பனியில் ஒருமுறை தலைவரை எதிர்த்துப் பேசிவிட்டார். துருவப் பதக்கத்துக்கான பட்டியலில் ஷாக்கில்டன் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. 1930-ல் நியூசிலாந்தின் வெல்லிங்டனில் ஏழையாக இறந்தார். 2004-ல் அவர் கல்லறை மேல் அந்தப் பூனைக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

'28 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை' என்ற வாக்கியத்தை மேனேஜ்மென்ட் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். ஷாக்கில்டனைத் தலைமைப் பண்புக்கு உதாரணம் காட்டாத செமினார் குறைவு. அந்தக் கணக்கு எண்டூரன்ஸ் கப்பலுக்குச் சரி. ஆனால் பயணத்துக்கு இன்னொரு கப்பலும் இருந்தது, அரோரா. துருவத்தைத் தாண்டி வரப்போகும் ஷாக்கில்டனுக்காக மறுபக்கத்தில், ராஸ் கடல் ஓரத்தில், வழியெங்கும் உணவு வைக்கப் போனவர்களின் கப்பல். 1915 மே மாதம் புயலில் அரோரா கயிறறுந்து போய்விட, 10 பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். போதிய துணி இல்லை, சாமான் இல்லை. இருந்தும் சொன்ன இடங்களில் எல்லாம் உணவை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த உணவைச் சாப்பிட யாரும் வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆர்னல்ட் ஸ்பென்சர் ஸ்மித், பாதிரியார். அந்தக் குழுவின் போட்டோகிராபரும் அவர்தான்.

இந்தப் பக்கம் போட்டோகிராபர் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார். அந்தப் பக்கம் போட்டோகிராபர் ஸ்கர்வி நோயில் பனியிலேயே போய்விட்டார். எந்தக் கதை உலகம் சுற்றியது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

படம் விற்றுக் கடன் அடைந்ததா என்றால், அதுவும் இல்லை. 1919-ல் 'சவுத்' சினிமா வெளிவந்தது. லண்டன் ஃபில்ஹார்மானிக் ஹாலில் ஹர்லியின் படங்கள் ஓட ஓட, ஷாக்கில்டன் மேடையில் நின்று, தான் தோற்ற கதையைத் தன் வாயாலேயே மாதக்கணக்கில் தினம் இரண்டு தடவை சொன்னார். திரையில் தினமும் அவர் கப்பல் நொறுங்கும். மறுநாள் வந்து மறுபடி நொறுங்கும். 1922 ஜனவரி 5-ம் தேதி, அடுத்த பயணத்தின் ஆரம்பத்தில், தெற்கு ஜார்ஜியாவிலேயே மாரடைப்பில் இறந்தார். அப்போது கடன் சுமார் 40,000 பவுண்ட்.

இப்போது கொஞ்சம் நம் காலத்துக்கு வரலாம்.

2013-ல் நியூசிலாந்தின் அண்டார்டிக் ஹெரிடேஜ் டிரஸ்ட் ஆட்கள், கேப் எவன்ஸில் ஸ்காட் கட்டிய பழைய குடிசையைப் பழுது பார்க்கும்போது, இருட்டறை மூலையில் ஒரு சின்னப் பெட்டியைக் கண்டார்கள். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போன நெகட்டிவ்கள். பக்குவமாகப் பிரித்தால் 22 படங்கள். பூஞ்சை தின்ற ஓரங்களுக்கு நடுவே மலைகள், பனிக்கட்டிகள். ஒரு படத்தில் அரோரா கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறார் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஒருவரும் பார்க்காத முகம். ராஸ் கடல் குழுவினர் விட்டுப் போனவை இவை. ஹர்லியின் படங்கள் அளவுக்கு அழகெல்லாம் இல்லை. ஆனால் பார்க்கும்போது அவற்றைவிட நெருக்கமாக இருக்கிறது.

2022 மார்ச் 5-ம் தேதி எண்டூரன்ஸ் கப்பலே கிடைத்துவிட்டது. வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில். கேப்டன் வொர்ஸ்லி 1915-ல் கணக்கிட்டுக் குறித்து வைத்த இடத்துக்குத் தெற்கே சில மைல் தள்ளி. மரத்தைத் தின்னும் புழுக்கள் அந்தக் குளிர்க்கடலில் இல்லாததால் கப்பல் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருக்கிறது. பின்பக்கம் ENDURANCE என்ற எழுத்துகளும், அதற்குக் கீழே பழைய பெயரான போலாரிஸை நினைவூட்டும் நட்சத்திரமும் அப்படியே இருக்கின்றன. 2024-ல் வெளியான, ஆயிரக்கணக்கான படங்களைக் கோத்துச் செய்த முப்பரிமாண உருவத்தில் சாப்பாட்டுத் தட்டுகள், ஒரு பூட்ஸ், ஒரு ஃபிளேர் துப்பாக்கி எல்லாம் தெரிகின்றன. (இரண்டு மூன்று படத்தை ஒட்டியதற்கு ஹர்லியைத் திட்டினார்கள். இங்கே ஒட்டியவை சுமார் 25,000!)

2025-ல் இன்னொரு செய்தி. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யுக்கா டுஹ்குரி, கப்பலின் கட்டமைப்பையும் பழைய கடிதங்களையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பனி நெரிப்பதைத் தாங்கத் தேவையான குறுக்குச் சாய்வு விட்டங்கள் எண்டூரன்ஸில் இல்லை, அது அந்தக் காலத்தின் மிக வலுவான மரக்கப்பல் என்ற பேச்சு தவறு, இந்தக் குறை ஷாக்கில்டனுக்குத் தெரிந்தேதான் இருந்தது என்பது அவர் முடிவு. வேறொரு கப்பலுக்கு அப்படிப்பட்ட விட்டங்கள் போடச் சொல்லி யோசனை சொன்னவரே ஷாக்கில்டன்தானாம்.

இதைப் படித்துவிட்டு அந்த முதல் படத்தை மறுபடி பாருங்கள். இருட்டில் வெள்ளையாக, யாராலும் அசைக்க முடியாதது போல நிற்கிறது கப்பல். உல்லாசப் பயணத்துக்குக் கட்டி, கடனில் கைமாறி, உள்ளே போதிய விட்டம் இல்லாத கப்பல். ஹர்லியின் 20 வெடிகளும் அதன் வெளிப்பக்கத்தை மட்டும்தான் வெளிச்சம் போட்டுக் காட்டின.

அதற்காகப் படம் பொய் ஆகிவிடாது. அந்த ராத்திரி கப்பல் அப்படித்தான் நின்றது. ஒருவர் காலை இடித்துக்கொண்டு அதைச் சுற்றி ஓடினார். அதுவும் நிஜம்தான்.

மிஞ்சிய படங்கள் இன்று சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்திலும், லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியிலும், கேம்பிரிட்ஜிலும் இருக்கின்றன. இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கப்பலும் கிடைத்துவிட்டது. மறுபக்கக் குழுவின் 22 நெகட்டிவ்கள்கூடக் கிடைத்துவிட்டன.

கிடைக்காதது அந்த 400 மட்டும். அவை உடைந்து கிடந்த பனித்தளம் எப்போதோ உருகியிருக்கும், கண்ணாடித் துண்டுகள் கடலடிக்குப் போயிருக்கும். அதில் என்னென்ன இருந்தன? மெக்னிஷ் சிரிக்கும் படம் ஒன்று இருந்திருக்குமோ? சமையல்காரர் தூங்கி வழியும் படம்? கொஞ்சம் ஆடிப்போன, வெளிச்சம் சரியில்லாத, விற்பனைக்கு லாயக்கில்லாத சாதாரண நாட்கள்? நவம்பர் 9-ம் தேதி பனியில் உட்கார்ந்திருந்த இரண்டே பேருக்குத்தான் அது தெரியும்.